யாருடைய அரை நாள்? டால்பின் நீச்சலின் வரலாறு

காலை எட்டு மணிக்குப் படகு கிளம்பும். போகிற வழியில் டால்பின்களோடு ஒரு நீச்சல். பிறகு கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, பவளப்பாறைக்கு மேலே குப்புற மிதந்தபடி மீன் பார்க்கலாம். சாப்பாடு படகிலேயே. மதியம் ஒரு மணி வாக்கில் கரைக்கு வந்துவிடலாம். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில், கோனா என்ற மேற்குக் கரையில், பல ஆண்டுகள் விற்கப்பட்ட அரை நாள் படகுச் சுற்றுலா ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

அதே கடலில் இன்னொரு அட்டவணையும் உண்டு. அது டால்பின்களுடையது. ராத்திரி முழுக்க ஆழ்கடலில் வேட்டை. விடிந்ததும் கரையோர விரிகுடாவுக்கு வந்து தூக்கம். சாயங்காலம் விழித்து மறுபடி ஆழ்கடலுக்கு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் ஜாலியாகத் தண்ணீரில் குதிக்கிற நேரம் அவற்றின் நடுநிசி!

இந்த மோதல் எப்படி வந்தது, கடைசியில் என்ன ஆனது என்பதை ஒரே ஒரு விரிகுடாவை வைத்துப் பார்க்கலாம். அதன் பெயர் கேயலகேகுவா. பள்ளிக்கூடத்தில் படித்த கேப்டன் குக் கொல்லப்பட்ட அதே இடம்தான்.

கடவுளின் பாதை

கேயலகேகுவா என்றால் ஹவாய் மொழியில் 'கடவுளின் பாதை' என்று பொருள். ஒரு பக்கம் செங்குத்தான எரிமலைப் பாறைச்சுவர். அதன் குகைகளில் பழங்காலத் தலைவர்களின் எலும்புகளை மறைத்து வைத்தார்கள். இன்னொரு பக்கம் ஹிகியாவ் என்ற கல்மேடைக் கோயில். அது லோனோ என்ற தெய்வத்துக்கு உரியது. விளைச்சலுக்கும் மழைக்கும் சமாதானத்துக்கும் அவர்தான் அதிபதி. ஆண்டுதோறும் மகாஹிகி என்ற திருவிழா மாதங்களில் சண்டை போடவே கூடாது.

அந்தச் சமூகத்தை நடத்தியது 'கப்பு' என்ற விலக்கு முறை. (நம் ஊர்க் கப்பு அல்ல!) எதைத் தொடலாம், எங்கே போகலாம், யார் யாரோடு சாப்பிடலாம் என்பதற்கெல்லாம் கப்பு உண்டு. மீறினால் உயிர் போகலாம். இதே சொல்லின் டோங்கா வடிவத்தைத்தான் 1777இல் குக் தன் குறிப்புகளில் எழுதி, ஆங்கிலத்துக்கு 'டபூ' என்ற சொல்லைக் கொடுத்தார்.

கப்புவை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, வாழைப்பழம் தின்னக் கூடாது என்பது போன்ற கொடுமைகளும் அதில் இருந்தன. ஆனால் மீன்பிடிப்புக்கும் அதில் கணக்கு இருந்தது. ஓபெலு, ஆக்கு என்று இரண்டு முக்கிய மீன்கள். ஒன்றைப் பிடிக்கிற பருவத்தில் மற்றதைத் தொடக் கூடாது, அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். கடலுக்கும் ஓய்வு நேரம் உண்டு என்ற எண்ணம் அந்த ஊருக்குப் புதிதல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குக் வந்தார்

1779 ஜனவரி 17 அன்று 'ரெசொலூஷன்', 'டிஸ்கவரி' என்ற இரண்டு கப்பல்களோடு குக் இந்த விரிகுடாவில் நங்கூரம் போட்டார். மகாஹிகி காலம் அது. நூற்றுக்கணக்கான ஓடங்கள் வந்து சூழ்ந்துகொண்டன. கோயிலில் மரியாதை நடந்தது.

ஹவாய் மக்கள் அவரை லோனோவாகவே நினைத்தார்களா? இது பெரிய சண்டை. அப்படித்தான் நினைத்தார்கள் என்றார் அமெரிக்க மானுடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ். இலங்கையில் பிறந்த மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1992இல் ஒரு நூல் எழுதி இதை மறுத்தார். வெள்ளைக்காரனைக் கடவுளாக்கியது ஹவாய்க்காரர்கள் அல்ல, ஐரோப்பியர்கள் தாங்களே கட்டிய கதை அது என்பது அவர் வாதம். சாலின்ஸ் 1995இல் பதிலுக்கு இன்னொரு நூலே எழுதினார். வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்த விவாதம் நல்ல விருந்து.

பிப்ரவரி 4 அன்று குக் கிளம்பிப் போனார். புயலில் பாய்மரம் சேதமாகி 11ஆம் தேதி திரும்பி வந்தார். இந்த முறை வரவேற்பு இல்லை. 13ஆம் தேதி இரவு 'டிஸ்கவரி'யின் படகு ஒன்று திருடு போனது. மறுநாள் காலை, அரசர் கலனியோபூவைப் பணயமாகப் பிடித்து வந்து படகை மீட்கலாம் என்று குக் கரையிறங்கினார். கைகலப்பில் குக்கும் அவருடைய நான்கு வீரர்களும் இறந்தார்கள். ஹவாய் மக்களிலும் பலர் செத்தார்கள்.

குக் விழுந்த காவாலோவா கரையில் 1874இல் பிரிட்டிஷார் ஒரு வெள்ளை நினைவுத்தூண் எழுப்பினார்கள். அது இன்றும் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய பயணிகளுக்கு அந்தத் தூண் ஒரு அடையாளக் கம்பம் மாதிரி. அதற்கு நேர் கீழேதான் ஹவாயின் மிக அழகான பவளப்பாறைகளில் ஒன்று இருக்கிறது.

கப்பு போனது, படகு வந்தது

குக் இறந்து 40 ஆண்டுகள் கழித்து, 1819இல், இளம் அரசர் லிஹோலிஹோ எல்லோர் முன்னிலையிலும் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்குப் பின்னால் இருந்து இதைச் செய்ய வைத்தவர் காஹுமானு என்ற அரசி. அந்த ஒரு சாப்பாட்டோடு கப்பு முறையே சரிந்தது. கோயில்களை இடித்தார்கள். பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் கடலைப் பற்றிய பழைய கட்டுப்பாடுகளுக்கும் அதோடு பிடிமானம் போனது.

தூண் இருக்கும் இடத்துக்கு வண்டிப் பாதை கிடையாது. மேலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும், அல்லது கடல் வழியாக வர வேண்டும். அதனால்தான் படகுக்கு இத்தனை மவுசு. 1969இல் ஹவாய் மாநிலம் இந்த விரிகுடாவில் சுமார் 315 ஏக்கரைக் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. பாறை இருக்கும் பகுதியில் மீன்பிடிக்கத் தடை. தடை வந்ததும் மீன்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் பழகின. தண்ணீரோ கண்ணாடி. 1970களிலிருந்து அரை நாள் படகுகள் வரிசையாக வர ஆரம்பித்தன.

கவனியுங்கள், இந்தச் சட்டம் பாறைக்கும் மீனுக்கும். அதே விரிகுடாவின் மணல் பகுதியில் தினமும் காலையில் வந்து ஒதுங்கிய டால்பின்களைப் பற்றி அதில் யாரும் யோசிக்கவில்லை.

டால்பின் ஆசை எங்கிருந்து வந்தது?

டால்பினோடு நீந்த வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியரான இளைய பிளினி ஒரு கடிதத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வட ஆப்பிரிக்கக் கரையில் ஹிப்போ என்ற ஊர். அங்கே நீந்தப் போன ஒரு சிறுவனோடு டால்பின் ஒன்று சிநேகமாகி, அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றியதாம். செய்தி பரவிக் கூட்டம் கூடியது. அதிகாரிகளெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டே சின்ன ஊரின் கஜானா காலி. ஊரின் அமைதியும் போச்சு. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரகசியமாக அந்த டால்பினைக் கொன்றுவிட்டார்கள்!

இருபதாம் நூற்றாண்டிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1955-56 கோடையில் நியூசிலாந்தின் ஓபோனோனி என்ற கடற்கரைச் சிற்றூருக்கு ஒரு டால்பின் தினமும் வந்து குழந்தைகளோடு விளையாடியது. ஓபோ என்று பெயர் வைத்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனம். யாரும் அதைத் துன்புறுத்திவிடக் கூடாது என்று அரசாங்கம் அவசரமாக ஒரு விதி கொண்டுவந்தது. விதி அமலுக்கு வந்தது 1956 மார்ச் 8. ஓபோ இறந்து கிடந்தது மார்ச் 9. எப்படிச் செத்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை.

1963இல் 'ஃபிளிப்பர்' சினிமா வந்தது. அடுத்த ஆண்டே அது தொலைக்காட்சித் தொடராகி 1967 வரை ஓடியது. எப்போதும் சிரித்த முகம், கூப்பிட்டால் ஓடி வரும், ஆபத்தில் காப்பாற்றும். ஒரு தலைமுறையே டால்பினை இப்படித்தான் அறிந்துகொண்டது. உண்மையில் டால்பினின் தாடை அமைப்பே அப்படி. அது களைத்திருந்தாலும், பயந்திருந்தாலும், செத்தே கிடந்தாலும் சிரிப்பது போலத்தான் தெரியும். நமக்கு அது புரிவதில்லை.

1980களிலும் 90களிலும் கோனா கரையில் இந்த ஆசைக்கு ஆன்மிக வண்ணமும் சேர்ந்தது. டால்பினோடு நீந்தினால் மனக்காயம் ஆறும், ஞானம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள் ஏராளம். முதலில் கரையிலிருந்து நீந்திப் போன சிலர். பிறகு படகு படகாக.

நாரிஸ் பாறை உச்சியிலிருந்து பார்த்தது

கேயலகேகுவாவுக்கு வருபவை ஸ்பின்னர் டால்பின்கள். நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் கூட்டத்தில் இதுவும் ஒரு வகை. சுமார் இரண்டு மீட்டர் நீளம். தண்ணீரிலிருந்து எகிறி, தட்டாமாலை சுற்றுவது போலத் தன்னைத்தானே பல முறை சுற்றிவிட்டு விழும். அதனால்தான் அந்தப் பெயர். ஹவாய் மொழியில் எல்லா டால்பினுக்கும் 'நையா' என்று பெயர்.

இவற்றின் தினசரி வாழ்க்கையை உலகுக்குச் சொன்னவர் கென்னத் நாரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. கண்ணை மூடிவிட்டாலும் டால்பின் எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடிக்கும் என்பதைச் சோதனை செய்து காட்டியவரும் அவர்தான். 1960களின் இறுதியிலிருந்து அவரும் அவர் மாணவர்களும் கேயலகேகுவாவின் பாறை உச்சியில் உட்கார்ந்து, கருவிகளால் டால்பின் கூட்டத்தின் நகர்வை மணிக்கணக்கில் குறித்தார்கள். தண்ணீருக்கடியிலிருந்து பார்க்க ஒரு விசித்திரப் படகும் கட்டினார்கள். உள்ளே உட்கார்ந்தால் குமட்டலோ குமட்டல். அதனால் ஆராய்ச்சியாளர்களே அதற்குக் 'கடல்நோய் இயந்திரம்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். பகலில் ஆழத்தில் கிடக்கும் சிறு மீன், இறால், கணவாய்க் கூட்டங்கள் ராத்திரியில் மேலே எழும்பும். ஸ்பின்னர்கள் அப்போதுதான் வேட்டையாடும். விடிந்ததும் கரையோர விரிகுடாவுக்கு வரும். வரும்போது துள்ளும், சுழலும். போகப் போக அடங்கிவிடும். எல்லாம் நெருக்கமாகச் சேர்ந்து, ஒன்றாக மூழ்கி, ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கி, மெதுவாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் அவற்றின் தூக்கம்! டால்பின் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும் என்பதால், மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும்.

இந்த நேரத்தில் அவை எதிரொலி அனுப்புவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றன. கண்ணை மட்டும் நம்பியிருக்கின்றன. அதனால்தான் வெள்ளை மணல் தரையுள்ள, ஆழம் குறைந்த விரிகுடாவாகத் தேடி வருகின்றன. வெள்ளைப் பின்னணியில் சுறா வந்தால் சட்டென்று தெரியும். பக்கத்திலேயே ஆழ்கடல் இருப்பதால் ராத்திரி வேட்டைக்கும் வசதி. இப்படி எல்லாம் பொருந்தி வரும் விரிகுடாக்கள் கோனா கரையில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

மதியத்துக்கு மேல் கூட்டம் விழிக்கும். வளைந்து நெளிந்து, வேகம் கூட்டி, திரும்ப வேகம் குறைத்து... எல்லோரும் தயாரா என்று கேட்டுக்கொள்வது போல ஒரு நீச்சல். எல்லாம் தயாரானதும் கடலுக்குள் போய்விடும்.

பத்து நிமிடத் தூக்கம்

இப்போது நம் எட்டு மணிப் படகுக்கு வருவோம். படகிலிருந்து குதிக்கிறவர் யாரும் கெட்டவர் இல்லை. ஒருவர் பத்து நிமிடம் நீந்திவிட்டு ஏறிவிடுகிறார். அவர் கணக்கில் அது பத்தே நிமிடம்தான். ஆனால் அவருக்குப் பின் இன்னொரு படகு, அதற்குப் பின் இன்னொன்று, நடுவில் துடுப்புப் படகுகள், கரையிலிருந்து நீந்தி வருபவர்கள். டால்பின் பக்கம் நின்று கூட்டிப் பார்த்தால்தான் மொத்தம் தெரியும்.

அந்தக் கணக்கையும் எடுத்தார்கள். கேயலகேகுவா உள்ளிட்ட கோனாவின் ஓய்வு விரிகுடாக்களில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பகல் நேரத்தில் 82 சதவீதத்துக்கு மேல் டால்பின்களுக்கு 100 மீட்டருக்குள் மனித நடமாட்டம் இருந்தது. ஒரு தொந்தரவுக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைத்த நேரம், நடுத்தரக் கணக்கில், பத்து நிமிடம்! விரிகுடாவில் தூங்க முடியாவிட்டால் வெளிக்கடலில் போய் ஈடுகட்டிக்கொள்ளுமா என்றால், அதற்கும் வாய்ப்புக் குறைவு என்றே அந்த ஆய்வுக் குழு கண்டது. இத்தனைக்கும் அந்தத் தீவைச் சுற்றியுள்ள ஸ்பின்னர்களின் எண்ணிக்கை 2010-11 கணக்குப்படி 600க்கும் 700க்கும் இடையில்தான்.

பரீட்சை சமயத்தில் ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலையில் கண் அயரும்போது, பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து அன்போடு தட்டி எழுப்பினால் எப்படி இருக்கும்? தினமும் அப்படி என்றால்?

அமெரிக்காவில் 1972 முதலே கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதன்படி டால்பினைத் தொந்தரவு செய்வது குற்றம். பிறகு ஏன் இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை? 'தொந்தரவு' என்பதை நிரூபிப்பது கடினம். "நான் சும்மா மிதந்தேன், அதுதான் என்னிடம் வந்தது" என்று சொல்லிவிடலாம். டால்பினும் சாட்சி சொல்ல வராது. எனவே மனசைப் பற்றிய விதியைவிட, அளந்து பார்க்கக்கூடிய விதி தேவைப்பட்டது.

நோவா என்ற அமெரிக்கப் பெருங்கடல் நிர்வாகம் 2016இல் ஒரு வரைவை வெளியிட்டது. ஆயிரக்கணக்கில் கருத்துகள் வந்தன. 2021 செப்டம்பரில் இறுதி விதி வெளியாகி, அக்டோபர் 28 முதல் அமலுக்கு வந்தது. ஹவாயின் முக்கியத் தீவுகளிலிருந்து இரண்டு கடல் மைல் தூரத்துக்குள் ஸ்பின்னர் டால்பினுக்கு 50 கஜம், அதாவது சுமார் 45 மீட்டருக்குள் யாரும் நீந்தவோ படகில் நெருங்கவோ கூடாது. டால்பினே உங்களை நோக்கி வந்தால், நீங்கள்தான் விலகிப் போக வேண்டும். அதோடு கேயலகேகுவா உட்பட ஐந்து விரிகுடாக்களின் சில பகுதிகளைக் காலை 6 முதல் மதியம் 3 வரை மூடி வைக்கவும் அப்போது ஒரு முன்மொழிவு வைக்கப்பட்டது.

இரண்டு பக்க நியாயமும் கேட்போம்

இந்த விதியால் பிழைப்பு போனது உண்மை. படகு வாங்கக் கடன் பட்டவர்கள், நீச்சல் வழிகாட்டிகள், படகில் சாண்ட்விச் செய்து கொடுத்தவர்கள் என்று பல குடும்பங்கள் அதில் இருந்தன. "டால்பினை ஒருமுறை பக்கத்தில் பார்த்தவன்தான் அதைக் காப்பாற்றக் குரல் கொடுப்பான்" என்றும் அவர்கள் தரப்பில் வாதம் உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. படகு, பக்கத்தில் பார்த்தவனைத்தானே உருவாக்குகிறது.

ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான். பவளப்பாறைக்கும் டால்பினுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாறை மேல் கால் வைக்காமல் மிதந்தால் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. அதற்கு வரும் ஆபத்து வேறு வழியில். 2015இல் கடல் சூடேறி மேற்கு ஹவாயில் பவளத்தில் கிட்டத்தட்டப் பாதி அழிந்தது. பவளத்துக்குக் கேடு என்று இரண்டு ரசாயனங்கள் கலந்த வெயில் களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்தது. டால்பின் விஷயத்திலோ நாம் தண்ணீரில் இறங்கி இருப்பதே பிரச்சினை. கை படாமல், சத்தம் போடாமல், எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் அது முழித்துக்கொள்கிறது. நல்ல மனசு இருந்தால் போதும் என்பது இங்கே செல்லாது.

ஹிப்போவில் கூட்டத்துக்கு யாரும் விதி போடவில்லை, டால்பினைக் கொன்றார்கள். ஓபோனோனியில் விதி வந்தது, ஒரே ஒரு நாள் மிஞ்சியது. கேயலகேகுவாவில் விதி வரும்போது டால்பின்கள் இன்னும் இருக்கின்றன. மனிதர்கள் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக முதுகில் தட்டிக்கொள்ளவும் முடியாது. ஓபெலுக்கு ஒரு பருவம், ஆக்குக்கு ஒரு பருவம் என்று கடலுக்கு ஓய்வு நேரம் வைத்திருந்த அதே ஊரில், 200 ஆண்டுகள் சுற்றி வந்து புதுப் பெயரில் ஒரு கப்புவைத்தான் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம்.

இது எங்கேயோ உள்ள கதை என்று விட்டுவிட முடியாது. இதே ஸ்பின்னர் டால்பின்கள் இலங்கையின் கற்பிட்டிக் கடலில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வருகின்றன. அங்கும் பவளத்திட்டு இருக்கிறது, அங்கும் காலையில் படகு கிளம்புகிறது. கற்பிட்டியில் டால்பின் பார்ப்பது திறந்த கடலில், கேயலகேகுவா போல ஒதுங்கித் தூங்கும் விரிகுடாவில் அல்ல. அதனால் ஹவாய் விதியை அப்படியே கொண்டுபோய் ஒட்ட முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். படகில் ஏறுமுன் படகுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, நாம போற நேரத்துல அதுங்க என்ன செஞ்சிட்டு இருக்கும்?" பதில் தெரிந்தவர் படகில் ஏறுங்கள். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூரத்தில் காத்திருப்பார். டால்பின் வந்தால் பார்க்கலாம். வராவிட்டால், மீன்களைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கரைக்கு வந்துவிடலாம்.